ஈயமும் தாய்மையும்: தொழிற்சாலை நச்சும் மகப்பேறும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

பேர்னாட் ஷா 1893 ஆம் ஆண்டில் எழுதிய 'திருமதி வொறனின் தொழில்' என்னும் நாடகம் பரத்தமை பற்றிய நாடகமாகவே பெரிதும் பேசப்பட்டு வந்துள்ளது. தணிக்கை அதிகாரி அதனைத் தடை செய்ததும், 1902 வரை தனிப்பட்ட முறையிலேனும் அது மேடையேற முடியாதிருந்ததும் அந்த நோக்கை வலுப்படுத்தின. ஆயின் நாடகத்தின் தர்க்கம் முழுவதும் தங்கியிருப்பது மேடையிலே ஒருபோதும் தோன்றாத ஒரு பாத்திரத்தின் மீதாகும். திருமதி வொறனின் தாய்வழி அரைச் சகோதரியான ஆன் ஜேன், வெண்ணீய ஆலையொன்றில் வாரத்திற்கு 9 ஷிலிங் கூலிக்கு நாளொன்றுக்கு 12 மணி நேரம் உழைத்து, ஈய நஞ்சினால் மடிந்தவள். 'நேர்மையான உழைப்பு' என்று முதலாளித்துவ ஒழுக்கவியல் போற்றுவது ஏழைப் பெண்ணுக்கு எதனைக் கொடுக்கிறது என்ற வினாவுக்கு ஷா தரும் விடை அவளது சாவு. நாடகம் எழுதப்பட்ட அதே ஆண்டில் ஈயத் தொழில்களின் நிலைமையை ஆராயப் பிரித்தானிய உள்நாட்டமைச்சின் குழுவொன்று சாட்சியங்களைக் கேட்டுக்கொண்டிருந்தது என்பதை நோக்கும்போது, ஆன் ஜேன் வெறுங் கற்பனையல்லள் என்பது தெளிவாகும்.

ஷா சொல்லாமல் விட்டதும் ஒன்றுண்டு. ஈயம் உழைத்தவளை மட்டும் கொல்லவில்லை. அவள் வயிற்றில் வளர்ந்ததையும் கொன்றது. தொழிலிடத்து நச்சுக்கும் மகப்பேற்றுக்கும் உள்ள தொடர்பு மருத்துவ வரலாற்றில் ஓர் அத்தியாயமாக எழுதப்பட்டிருக்கிறது. அது வர்க்க வரலாற்றின் ஓர் அத்தியாயமுமாகும். ஆலையில் இருந்த நச்சை அகற்றுவதா, ஆலையில் இருந்த பெண்ணை அகற்றுவதா என்ற தெரிவு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக மீண்டும் மீண்டும் எழுந்தது. அது எவ்வாறு தீர்க்கப்பட்டது, எவருடைய செலவில் தீர்க்கப்பட்டது என்பவற்றையே இக்கட்டுரை ஆராய முற்படுகின்றது.

வெண்ணீயம் என்பது வீட்டுச் சுவர்களுக்கும் கதவுகளுக்கும் பூசப்பட்ட வண்ணத்தின் மூலப்பொருள். பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அது பெரும்பாலும் ஒல்லாந்த முறை எனப்பட்ட பழைய முறையிலேயே செய்யப்பட்டது. காடி ஊற்றிய மட்சாடிகளின்மேல் ஈயத் தகடுகளைப் பரப்பி, தோல் பதனிடப் பயன்பட்டு ஒதுக்கிய மரப்பட்டைச் சக்கையால் மூடி, அதன்மேல் பலகையிட்டு, மீண்டும் சாடி, மீண்டும் தகடு என்று கூரைவரை அடுக்குவர். சக்கை புழுங்கி வெப்பமெழும். காடியின் ஆவி ஈயத்தைத் தின்னும். ஏறத்தாழ மூன்று மாதங்களில் தகடுகள் வெண்மையான மாப்போன்ற பொருளாகிவிடும். ஈயத்தை உருக்கி வார்க்கும் உலை ஆண்களிடம் இருந்தது. தகடுகளைத் தலையிற் சுமந்து ஏணியேறி அடுக்குவதும், வெண்மை படிந்த அடுக்குகளைக் கலைப்பதும், எல்லாவற்றிலும் கொடியதாகிய, உலர்த்தும் அறைகளிலிருந்து காய்ந்த பொடியை வாரி வெளியே கொணர்வதும் பெண்களிடம் விடப்பட்டன. தூசி அதிகமாக எழுந்த இடமெல்லாம் பெண்ணின் இடமாயிருந்தது. நியூகாசிலிலும் கிழக்கு லண்டனிலும் இவ்வேலைக்கு வந்தோர் அன்றாடக் கூலிகள். அவர்களுள் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடி வந்தோர் பலர். வேறு எந்த வேலையும் கிடைக்காதபோது ஆலை வாசலில் வந்து நின்றவர்கள் அவர்கள்.

பெண்கள் ஈய நஞ்சுக்கு இயல்பாகவே எளிதில் ஆட்படுவர் என்று அக்கால மருத்துவர்கள் பலர் எழுதினர். நியூகாசிலில் நோயாளரை நேரிற் கண்ட பேராசிரியர் தோமஸ் ஒலிவர் இக்கருத்தை வற்புறுத்தியோருள் முதன்மையானவர். அவரது மனிதாபிமானத்தை ஐயுறுவதற்கில்லை. ஆயினும் தூசி மிக்க வேலைகள் யாவும் பெண்களுக்கே ஒதுக்கப்பட்டிருந்தபோது, நோயின் மிகுதிக்குக் காரணம் உடலமைப்பா, வேலைப் பிரிவினையா என்ற வினாவே முதலில் எழுந்திருக்க வேண்டும். சமூக உறவொன்று இயற்கையின் விதியாக வேடம் புனைந்து நிற்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டைக் காண்பதரிது.

இலக்கியத்தில் இப்பெண்களை முதலிற் கொணர்ந்தவர் டிக்கன்ஸ். 1868 டிசம்பரில் அவர் வெளியிட்ட கட்டுரையொன்றில், கிழக்கு லண்டனின் அயர்லாந்துக் குடும்பமொன்றின் அறையில் ஈய நஞ்சேறிய இளம்பெண்ணொருத்தி தரையிலே கிடக்கிறாள். அவளைச் சூழ்ந்திருப்போரும் அதே ஆலைக்கே செல்வர், செல்லாவிடிற் பட்டினி என்பதை அவர் மறைக்கவில்லை. ஆனால் இரண்டு மாதங்கள் கழித்து ஆலைக்குள் நேரே சென்று பார்த்தபின் எழுதிய கட்டுரையில் குரல் மாறிவிடுகின்றது. உரிமையாளர்கள் அக்கறையுள்ளோராக அவருக்குத் தோன்றுகின்றனர். இயந்திரம் ஒருநாள் இவ்வேலையை ஏற்கும் என்ற நம்பிக்கையோடு அவர் வெளியேறுகிறார். தாராண்மைவாத மனிதாபிமானத்தின் வன்மையும் வரம்பும் ஒருங்கே தெரியும் இடம் இது. அறையில் இருந்து பார்த்தபோது தெரிந்த உறவு, ஆலை முகாமையாளரோடு நடந்து பார்த்தபோது மறைந்துபோயிற்று.

இதற்கு முன்னரே எங்கெல்ஸ், 1845 இல் வெளிவந்த தமது நூலில், பருத்தி ஆலைப் பெண்களின் கடினமான பிரசவங்களையும் மிகுதியான கருச்சிதைவுகளையும், வேலை போய்விடுமென்ற அச்சத்தால் பிரசவ வேளை வரை இயந்திரத்தின் அருகே நின்றோரையும் பற்றி எழுதியிருந்தார். 'மூலதனம்' முதல் தொகுதியில் வேலைநாள் பற்றிய அத்தியாயம் ஸ்ரபோர்ட்ஷயர் மட்பாண்டத் தொழிலாளரை விரிவாக எடுத்தாள்கிறது. ஆயின் மார்க்ஸ் சான்று காட்டும் மருத்துவர்கள் பெரிதும் நெஞ்சு நோய்களையும் குன்றிய உடல்வளர்ச்சியையும் பற்றியே பேசுகின்றனர். கருப்பையின் கணக்கை எடுத்தவர் அப்போது பாரிஸ் நகரில் இருந்தார். கொன்ஸ்ரன்ரின் போல் என்ற மருத்துவர், அச்செழுத்து வார்ப்பாலைகளில் ஈயத்தோடு பழகிய பெண்களை ஆராய்ந்து 1860 இல் வெளியிட்ட முடிவின்படி, 123 கருத்தரிப்புகளில் 64 கருச்சிதைவில் முடிந்திருந்தன. அவர் கண்ட இன்னொன்று பின்வந்தோரால் வசதியாக மறக்கப்பட்டது. தாய் ஈயத்தைத் தொடாதிருந்து தந்தை மட்டுமே ஈயத் தொழிலாளியாக இருந்த குடும்பங்களிலும் கரு தங்காமற் போவதையும் சிசுக்கள் மடிவதையும் அவர் பதிவு செய்திருந்தார். இந்தத் தந்தையரை நாம் பின்னர் மீண்டும் சந்திப்போம்.

இங்கிலாந்தில் இவ்வகைக் கணக்கெடுப்புக்குப் பெண் பரிசோதகர்கள் தேவைப்பட்டனர். தொழிற்சாலைப் பரிசோதனைச் சேவையில் முதன்முதலாகப் பெண்கள் நியமிக்கப்பட்டது 1893 இல். அதற்குப் பெண் தொழிற்சங்க இயக்கம் நெடுங்காலம் போராட வேண்டியிருந்தது. ஆண் பரிசோதகரிடம் எந்தப் பெண்ணும் சொல்லியிராத செய்திகளை இவர்கள் வீடு வீடாகச் சென்று கேட்டனர். 1897 ஆம் ஆண்டு அறிக்கையில் மட்பாண்ட மாவட்டத்தில் ஈய வேலை செய்து நஞ்சேறிய 77 மணமான பெண்களைப் பற்றிய விபரம் உள்ளது. 15 பேர் கருவுற்றதேயில்லை. 8 பேர் 21 சிசுக்களை இறந்தே பெற்றிருந்தனர். 35 பேருக்கு 90 கருச்சிதைவுகள் நேர்ந்திருந்தன. இவர்களுள் 15 பேர் உயிருள்ள பிள்ளையொன்றையும் பெற்றதில்லை. 36 பேர் உயிரோடு பெற்ற 101 பிள்ளைகளில் 40 பேர் இறந்துவிட்டனர், அவர்களிற் பெரும்பாலோர் குழந்தைப் பருவத்து வலிப்பினால். புனைகதை எதுவும் எட்டாத ஓர் இடத்தை இவ்வெண்கள் எட்டுகின்றன.

1895 ஆம் ஆண்டுச் சட்டம் ஈய நஞ்சேற்றத்தை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. 1898 இல் தோமஸ் லெக் முதலாவது மருத்துவப் பரிசோதகரானார். அதே ஆண்டு யூன் முதலாந் திகதியிலிருந்து வெண்ணீயத் தொழிலின் ஆபத்தான வேலைகளிற் பெண்களை அமர்த்துவது தடை செய்யப்பட்டது. இதனை வெற்றியென்று பலர் வரவேற்றனர். ஒரு பொருளில் அது வெற்றியே. நியூகாசில் மருத்துவமனைக்கு வலிப்போடு கொணரப்பட்ட இளம்பெண்களின் தொகை குறைந்தது. ஆனால் வெளியேற்றப்பட்டோருக்கு மாற்று வேலையோ நட்ட ஈடோ இல்லை. அவர்கள் விட்டுச் சென்ற இடத்திற்கு ஆண்கள் வந்தனர். தூசி அங்கேயே இருந்தது. சொத்துடைய வகுப்பைச் சேர்ந்த பெண்ணுரிமையாளர் சிலர் 'உழைப்புச் சுதந்திரம்' என்ற பெயரில் இத்தகைய தடைகளை எதிர்த்தனர். பெண் தொழிற்சங்கத்தினர் அவற்றை ஆதரித்தனர். நஞ்சை உண்ணும் சுதந்திரம், பட்டினி கிடக்கும் பாதுகாப்பு என்ற இரண்டுக்குள் விவாதம் சிறைப்பட்டிருந்தமையால், மூன்றாவது வழியொன்று உண்டு என்பது இரு தரப்பினராலும் போதிய அளவு வற்புறுத்தப்படவில்லை.

அந்த மூன்றாவது வழி மட்பாண்டத் தொழிலிலே கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அங்கு ஈயம் பயன்பட்டது மெருகுப் பூச்சுக்காக. பெண்களை அங்கிருந்து அப்புறப்படுத்துவது எளிதாயிருக்கவில்லை. அவர்களது மலிவான கையுழைப்பின்றித் தொழில் நடவாது. எனவே மாதந்தோறும் மருத்துவர் பெண்களையும் இளவயதினரையும் பரிசோதித்து நோய்க்குறி கண்டால் நிறுத்திவைக்கும் விதி வந்தது. நிறுத்தப்பட்டவள் கூலியை இழந்தாள். ஆகவே நோயை மறைத்தாள். 1899 இல் அரசின் இரசாயனவியலாளர் தோர்ப்பும், மேலே குறிப்பிட்ட ஒலிவரும் அறிக்கையொன்றைச் சமர்ப்பித்தனர். பெரும்பாலான பாண்டங்களை ஈயமில்லாத பூச்சாலோ, இரைப்பைக் காடியில் எளிதிற் கரையாதவாறு முன்கூட்டியே கண்ணாடியாக உருக்கிய ஈயப் பூச்சாலோ செய்யமுடியும் என்பதே அதன் சாரம். உற்பத்தியாளர் மறுத்தனர். நிறம் கெடும், சந்தை போகும், வெளிநாட்டார் வென்றுவிடுவர் என்றனர். விடயம் நடுவர் தீர்ப்புக்குச் சென்று நீர்த்துப்போயிற்று. கரையக்கூடிய ஈயப் பூச்சை முற்றாக விலக்கும் விதிகள் வந்தது 1947 இல். தொழில்நுட்பம் தெரிந்த நாளுக்கும் அது கட்டாயமான நாளுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகளே இவ்வரலாற்றின் உண்மையான பொருள் எனலாம்.

இதே காலத்தில் ஈயம் வேறொரு வாயில் வழியாகவும் உழைக்கும் வர்க்கத்தின் வீடுகளுக்குள் நுழைந்திருந்தது. ஷெபீல்ட் நகரத்தின் குடிநீர் ஈயக் குழாய்களை அரித்து நஞ்சேற்றிய அனுபவத்தின்பின், ஈயம் கருவைக் கலைக்கும் என்ற அறிவு பெண்களிடையே பரவியது. டயக்கிலோன் எனப்பட்ட, புண்ணுக்கு இடும் சாதாரண ஈயப் பற்று, ஷெபீல்டிலும் நொட்டிங்காமிலும் பேர்மிங்காமிலும் மாத்திரையாக உருட்டி விழுங்கப்பட்டது. 1905 இல் ஷெபீல்ட் மருத்துவர் ஆர்தர் ஹோல் இது பற்றி எழுதினார். விழுங்கியோர் பலர் நிரந்தர நோயாளராயினர், சிலர் மாண்டனர். மட்பாண்ட நகரில் விரும்பிய பிள்ளையை ஈயத்திடம் பறிகொடுத்த பெண்ணும், அயல் நகரில் இன்னொரு வாய்க்கு உணவளிக்க வழியின்றி அதே ஈயத்தைத் தேடி உண்ட பெண்ணும் ஒரே கூலிமுறையின் கீழ் வாழ்ந்தவர்கள். பின்னவளை ஒழுக்கக் கேடாகவும் முன்னவளை இரக்கத்துக்குரியவளாகவும் அக்காலப் பத்திரிகைகள் பிரித்துக் காட்டின.

தென்னாபிரிக்காவில் 1899 முதல் 1902 வரை நடந்த போவர் யுத்தத்திற்கு ஆட்சேர்ப்பில் முன்வந்தோர் பலர் உடற்றகுதியின்றித் திருப்பி அனுப்பப்பட்டமை ஆளும் வர்க்கத்தைத் திடுக்கிடச் செய்தது. 1904 இல் உடல்நலிவு பற்றிய குழுவின் அறிக்கை வந்தது. அன்றிலிருந்து தொழிலாளியின் கரு, வருங்காலப் படைவீரனும் வருங்கால உழைப்புச் சக்தியும் என்ற வகையில் அரசின் கவனத்துக்குரியதாயிற்று. பெண் காக்கப்பட வேண்டியவள், ஏனெனில் அவள் வயிறு நாட்டின் சொத்து என்ற வாதம் சட்டமொழிக்குள் நுழைந்ததும் இக்காலத்திலேதான்.

அவ்வாதத்தின் விளைவு 1920 களிற் புலனாயிற்று. 1921 இல் சர்வதேசத் தொழில் அமைப்பு ஜெனீவாவில் நிறைவேற்றிய சமவாயம், கட்டடங்களின் உட்புறப் பூச்சில் வெண்ணீயத்தையே சில விலக்குகளுடன் தடை செய்தது. பிரித்தானிய அரசாங்கம் அதனை ஏற்க மறுத்தது. மாற்றாக 1926 இல் ஈய வண்ணச் சட்டமொன்றை நிறைவேற்றியது. அச்சட்டம் ஈய வண்ணத்தை அனுமதித்து, கட்டடங்களுக்கு அதைப் பூசும் வேலையிலிருந்து பெண்களையும் இளவயதினரையும் விலக்கிற்று. கால்நூற்றாண்டுக்கு மேல் அரசுப் பணியிலிருந்த லெக், சமவாயத்தை ஏற்காமையைக் கண்டித்துப் பதவியைத் துறந்தார். ஓர் அரச உத்தியோகத்தர் கொள்கைக்காகப் பதவி துறந்த இந்நிகழ்ச்சி பாடநூல்களிற் காணக் கிடைப்பதில்லை.

அத்லாந்திக்கின் மறுகரையில் அலிஸ் ஹமில்ற்றன் ஈய ஆலைகளை ஆராய்ந்து, 1919 இல் அவற்றில் உழைத்த பெண்களைப் பற்றித் தனி அறிக்கையே எழுதினார். ஐக்கிய அமெரிக்காவின் ஈயத் தொழில் இங்கிலாந்தின் பாடத்தை நன்கு கற்றுக்கொண்டது. அதன் முழு உருவம் 1978 இல் மேற்கு வேர்ஜீனியாவின் வில்லோ ஐலன்ட் என்னுமிடத்தில் வெளிப்பட்டது. அங்கிருந்த அமெரிக்கன் சயனமிட் நிறுவனத்தின் வண்ணப்பொடி ஆலையில் உற்பத்தி வேலைகளுக்குப் பெண்கள் சேர்க்கப்பட்டதே 1974 இல்தான். நான்கு ஆண்டுகளின் பின், 16 வயதுக்கும் 50 வயதுக்கும் இடைப்பட்ட பெண்கள் கருத்தரிக்க இயலாதவர் என்று நிரூபித்தாலன்றி ஈய வண்ணப் பிரிவில் இருக்க முடியாதென நிர்வாகம் அறிவித்தது. வெளியேறினால் குறைந்த கூலியுள்ள வேலை. ஐந்து பெண்கள் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வேலையைக் காத்தனர். அதன்பின் அந்தப் பிரிவே மூடப்பட்டது. தொழிற்சங்கம் தொடுத்த வழக்கில் 1984 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம், இக்கொள்கை தொழிற் பாதுகாப்புச் சட்டம் கருதும் 'ஆபத்து' என்பதனுள் அடங்காது என்று தீர்த்தது. மலட்டுத்தன்மை பெண்ணின் சொந்தத் தெரிவாம். 'சுதந்திரமான ஒப்பந்தம்' என்ற முதலாளித்துவச் சட்டக் கருத்து தன் இறுதி எல்லையைத் தொட்ட இடம் இது என்று கூறுவது மிகையாகாது.

அறிவியல் இக்கொள்கைக்குத் துணை நின்றதா? ஈயம் நச்சுக்கொடியைக் கடந்து கருவை அடைகிறது என்பது உண்மை. ஆனால் உடலிற் சேரும் ஈயத்தின் பெரும்பகுதி எலும்பிலே பல ஆண்டுகள் தங்குகிறது. கர்ப்ப காலத்தில் கருவுக்குக் கல்சியம் வழங்க எலும்பு கரையும்போது பழைய ஈயமும் குருதிக்கு மீள்கிறது. ஆகவே கருவுற்ற பின் பெண்ணை அகற்றுவது காலங்கடந்த செயல்; அதற்கு முன்னரே தொழிலிடத்து ஈயம் குறைக்கப்பட்டிருக்க வேண்டும். மேலும் 1975 இல் ருமேனிய ஆய்வாளர்கள், பற்றரி ஆலை ஆண்களின் விந்தணுக்கள் ஈயத்தால் குறைந்தும் உருத்திரிந்தும் போவதை வெளிப்படுத்தினர். 1860 இல் போல் கண்ட தந்தையர் மீண்டும் வந்து நின்றனர். எனினும் ஆண்களை ஆலையிலிருந்து விலக்க எவரும் முன்வரவில்லை. சத்திரசிகிச்சைக் கூடங்களில் மயக்க வாயுக்களைச் சுவாசித்த தாதியரின் கருச்சிதைவுகள் பற்றிய ஆய்வுகள் வந்தபோதும் தாதியரை விலக்க எவரும் முன்வரவில்லை. கூலி குறைந்த 'பெண் வேலை'களில் கருவின்மீது இத்தகைய அக்கறை எழவில்லை. ஆண்களின் கூலி கிடைத்த இடங்களிலேயே அது எழுந்தது.

பற்றரி உற்பத்தி செய்த ஜோன்சன் கொன்றோல்ஸ் நிறுவனம் 1982 இல் அதே கொள்கையை மேற்கொண்டது. தந்தையாக விரும்பித் தன் உடலின் ஈயத்தைக் குறைப்பதற்கு விடுப்புக் கேட்ட ஆண் தொழிலாளியொருவருக்கு அது மறுக்கப்பட்டது என்பது அவ்வழக்கின் ஏடுகளிலேயே உள்ளது. 1991 மார்ச்சில் உயர் நீதிமன்றம் இக்கொள்கை பால் வேறுபாடு காட்டுவது, சட்டவிரோதமானது என்று தீர்த்தது. வருங்காலப் பிள்ளைகளைப் பற்றிய முடிவு பெற்றோருடையது, முதலாளியுடையதன்று என்பது தீர்ப்பின் உட்கிடை. முற்போக்கான தீர்ப்புத்தான். ஆனால் அது ஆலையின் ஈயத்தை ஒரு துகளேனும் குறைக்குமாறு பணிக்கவில்லை. நச்சின் முன் சமத்துவத்தை வழங்கியது.

நச்சையே அகற்றும் வழி முதலாளிகளுக்குத் தெரியாததன்று. வில்லோ ஐலன்டுக்கு ஓராண்டு முன்னர், 1977 இல், கலிபோர்ணியாவின் லத்ரொப் நகரில் பூச்சிகொல்லி தயாரித்த ஒக்சிடென்ரல் ஆலையில் ஆண்கள் தமக்குள் பேசிக்கொண்டபோது, அண்மைக் காலத்தில் தம்மில் எவருக்கும் பிள்ளை பிறக்கவில்லை என்பதை உணர்ந்தனர். சோதித்தபோது பலருக்கு விந்தணுக்கள் மிகக் குறைந்திருந்தன அல்லது முற்றாக இல்லை. காரணம் டீ.பீ.சீ.பீ. என்ற இரசாயனம், பயிர்களின் வேரைத் தின்னும் நூற்புழுக்களை அழிக்க 'நெமகோன்' முதலிய பெயர்களில் விற்கப்பட்டது. எலிகளின் விதைகளை அது சுருங்கச் செய்வதை டவ், ஷெல் நிறுவனங்களின் சார்பில் நடந்த பரிசோதனைகள் 1950 களிலேயே காட்டியிருந்தன. 1961 இல் அது அச்சிலும் வந்தது. இப்போது விரைவு வியப்புக்குரியது. சில மாதங்களுள் அவசர விதி வந்தது. 1979 இல் ஹவாயின் அன்னாசித் தோட்டங்கள் தவிர ஏனைய இடங்களில் பயன்பாடு நிறுத்தப்பட்டது. ஆண்களை விலக்குவது பற்றியோ அறுவை பற்றியோ எந்த நிறுவனமும் கொள்கை வகுக்கவில்லை. பீச் பழச் செய்கையாளர் அமைப்பு மட்டும், பிள்ளை வேண்டாதோரையும் முதியோரையும் இவ்வேலைக்கு அமர்த்தலாமே, குடும்பக் கட்டுப்பாட்டுக்கும் உதவுமே என்று அரசுக்குக் கடிதம் எழுதிற்று. நகைப்புக்கிடமான கடிதமாக அது பத்திரிகைகளிற் பேசப்பட்டது. பெண்களிடத்து அதே யோசனை ஓராண்டின் பின் தீவிரக் கொள்கையாயிற்று.

ஐக்கிய அமெரிக்காவுக்கு ஆகாததான பொருள் அழிக்கப்படவில்லை. டவ் நிறுவனம் ஏற்றுமதியை நிறுத்த முனைந்தபோது, வாழைத் தோட்டங்களை உடைய ஸ்ரான்டட் புறூற் நிறுவனம் ஒப்பந்த மீறல் என்று எச்சரித்தது. வழக்குகள் வந்தால் இழப்பைத் தானே ஏற்பதாக உறுதியளித்துச் சரக்கைத் தொடர்ந்து பெற்றது. கொஸ்தாரிக்காவிலும் நிக்கராகுவாவிலும் ஒந்துராசிலும் பிலிப்பைன்சிலும் வாழையின் அடியிலே அதனைச் செலுத்தியோர் ஆயிரக்கணக்கானோர். தமக்கு எச்சரிக்கையேதும் தரப்படவில்லை என்பது அவர்களது முறைப்பாடு. கொஸ்தாரிக்காவுக்கான இறக்குமதி 1979 இல் நிறுத்தப்பட்டபோது ஏராளமானோர் மலடாகியிருந்தனர். அவர்களுள் எண்பதுக்கு மேற்பட்டோர் அமெரிக்க மாநிலமான ரெக்சாசில் வழக்குத் தொடுத்தனர். உங்கள் நாட்டிலே சென்று வழக்காடுங்கள் என்பது நிறுவனங்களின் வாதமாயிருந்தது. 1990 இல் ரெக்சாஸ் மாநில உயர் நீதிமன்றம் அவ்வாதத்தை நிராகரித்து, அங்கேயே வழக்காடும் உரிமையை அவர்களுக்கு ஏற்றுக்கொண்டது. 1993 இல் மாநிலச் சட்டசபை புதிய சட்டமொன்றை இயற்றி, பிறநாட்டுத் தொழிலாளரின் வழக்குகளை அவ்வாதத்தின் பேரில் தள்ளிவிடும் அதிகாரத்தை நீதிமன்றங்களுக்கு மீண்டும் வழங்கிற்று.